வெர்டோவா, புடோவ்கினா?

சோவியத் மௌனப் படங்களில் ரஷ்யர் அல்லாத மக்களைப் பார்க்க இந்த இரு இயக்குநர்களில் யாருடைய படத்தில் தொடங்கலாம்?

யார் தெரிகிறார்கள்?
வெர்டோவின் 'உலகின் ஆறில் ஒரு பங்கு' (1926): வடதுருவப் பகுதியில் கலைமான் மேய்க்கும் நேனெத்ஸ் இனத்தவர், காகசஸின் தாகெஸ்தான் மலைமக்கள், இன்னும் பலர். காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகள் அவர்களை நேராக விளிக்கின்றன. ஆனால் ஒருவர் பெயரும் தெரியாது. அரசு வணிக நிறுவனமான கோஸ்தோர்க்குக்காக எடுத்தது. அதனால் மனிதர்களோடு கம்பளித்தோலும் தானியமும் முன்னே வருகின்றன.
புடோவ்கினின் 'ஆசியாவின் மீது புயல்' (1928): நாயகனே மங்கோலிய வேட்டைக்காரன். நடித்த வலேரி இன்கிஜினோவ் சைபீரியாவின் மங்கோலிய இனமான புரியாத் வம்சாவளியினர். அவருடைய அடக்கி வைத்த கோபத்துக்காகவே பார்க்க வேண்டும்.

பார்க்க எளிதா?
முன்னதில் கதை இல்லை. பின்னதில் உண்டு.

பல இனங்களை ஒரே மூச்சில் காண வெர்டோவ். ஒரு மனிதனோடு கூடவே நடக்க புடோவ்கின். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது புடோவ்கின்தான்.