வேன்களுக்குக் கார்பன் வரம்பு: எடையை வைத்தா, சக்கரப் பரப்பை வைத்தா?

ஐரோப்பிய ஒன்றியம் புதிய வேன்களின் சராசரிக்கு 2017-இல் கிலோமீட்டருக்கு 175 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 2020-இல் 147 கிராம் என்று வரம்பு வைத்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் இலக்கும் அதன் வேன்களின் எடையைப் பொறுத்து மாறும்: கனமானால் தளரும், இலேசானால் இறுகும். அமெரிக்கா 2012 மாடல்களிலிருந்து நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை இதற்கு அளவாக எடுத்துக்கொண்டது. எது சரி?

கணக்கு
எடை: சுலபம், ஆவணத்திலேயே இருக்கும்.
பரப்பு: சக்கர இடைவெளிகளைத் தனியாகத் திரட்ட வேண்டும்.

இலேசாக்கினால்
எடை: வேனில் 100 கிலோ குறைத்தால் புகை குறையும், ஆனால் கூடவே இலக்கும் இறுகிவிடும், அப்புறம் இலேசான அலுமினியத்துக்கு யார் செலவழிப்பார்கள்?
பரப்பு: வரம்பு நகராது, குறைத்த ஒவ்வொரு கிராமும் நிறுவனத்துக்கே லாபம்.

ஏமாற்ற
பரப்பைக் கூட்ட அடிச்சட்டத்தையே மாற்ற வேண்டும், எடையைக் கூட்டுவது எளிது.

விதியைச் சீக்கிரம் கொண்டுவர எடை போதும். வேன்கள் உண்மையிலேயே இலேசாக வேண்டுமென்றால் பரப்புதான்.