சேலத்தில் மரம் அறுக்கும் மிஷினை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் இதைப் படிங்க

செகண்ட் ஹேண்டில் செயின்சா வாங்கி, அதைச் சரி செய்ய சேலம் டவுனுக்குள் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். கடைப் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதை முழுசாக எழுதுகிறேன். ஏனென்றால் இதே வேலையை இன்னொரு கடையிலும் செய்வார்கள், மழைக்கு முன்னால் நிழல் மரம் கவாத்து முடிக்க வேண்டுமே என்று ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள் எல்லோரும் மிஷினைத் தூக்கிக்கொண்டு கீழேதான் இறங்குகிறோம்.

மிஷினை விற்றவர் என்னை ஏமாற்றவில்லை. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர் ரூமைக் காலி செய்தார்கள், அங்கே கிடந்த 45 சிசி ஜெர்மன் மிஷின், 6,500 ரூபாய். புதுசு போனால் முப்பதாயிரத்துக்கு மேல். "ஸ்டார்ட் ஆகுதுங்க, ஆக்ஸிலேட்டர் கொடுத்தா அணைஞ்சிடுது, ரொம்ப நாளா சும்மா கிடக்குது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வேலையாக சைலன்சரைக் கழற்றினேன். பழைய மிஷின் வாங்குகிற எல்லோரும் இதைச் செய்யலாம், பெரிய வித்தை இல்லை. சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை தெரியும், கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனை அந்த ஓட்டைக்கு நேரே கொண்டுவந்து டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டுச் சுவர் கண்ணுக்கு எதிரே நிற்கும். என் மிஷினில் அது வழவழவென்று இருந்தது, மேலிருந்து கீழாகக் கீறல் எதுவும் இல்லை. இரண்டு ரிங், இரண்டும் பளிச்சென்று. போனில் போட்டோ எடுத்து வைத்தேன், இந்த போட்டோதான் பின்னால் உதவியது. பிளக்கை இறுக்கி மாட்டி, கயிற்றுக் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டால் விட்டுவிட்டு மெதுவாக இறங்கியது. அதாவது கம்ப்ரஷன் இருக்கிறது.

சும்மா ஓடும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணையும் என்றால் பெரும்பாலும் பெட்ரோல் போதுமான அளவு மேலே வரவில்லை என்று அர்த்தம். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது பெட்ரோல் டியூப் வெடித்துக் காற்று இழுக்கும், அல்லது கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிராம் என்கிற மெல்லிய ரப்பர் தகடு விறைத்துப் போயிருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், அதை டேங்கில் விட்டுப் பல மாதம் போட்டு வைத்தால் ரப்பர் சாமான்தான் முதலில் போகும். ஆக டியூப், ஃபில்டர், டயாபிராம், இவ்வளவுதான் வேலை. அந்த மாடலுக்கு ஸ்பேர் வைத்திருக்கிறோம் என்று சொன்ன சேலம் கடையில் விட்டேன். போட்டோவையும் காட்டினேன், வேலை என்ன என்பதையும் வாயால் சொன்னேன்.

அப்புறம் போன் வந்தது. "சார், பிஸ்டன் போயிருக்கு, செட்டே மாத்தணும்." செட் என்றால் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்தது. நான் பார்த்தபோது நன்றாக இருந்ததே என்றேன். "நீங்க பார்த்தது சைலன்சர் பக்கம் சார், கீறல் கார்புரேட்டர் பக்கம்" என்று சொல்லி வாட்ஸப்பில் ஒரு பிஸ்டன் படம் அனுப்பினார், நெடுக உழுது போட்ட மாதிரி கீறல். பேச்சில் தப்பு சொல்ல முடியாது, இன்டேக் பக்கம் மட்டும் கீறல் விழுவதும் நடக்கக்கூடியதுதான், ஏர் ஃபில்டர் கிழிந்து தூசி உள்ளே போனால் அப்படி ஆகும். உண்மை கலந்த பொய்தான் இவர்கள் தொழிலில் பாதி என்பதால் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

பில் என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு, கடைப் பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. செட் 5,200, ரீபோர் 900, கார்புரேட்டர் சர்வீஸ் 800, கூலி 900, ஆக மொத்தம் 7,800. ரீபோர் என்பதைக் கவனியுங்கள். இந்த மிஷின்களில் சிலிண்டர் அலுமினியம், உள்ளே கடினமான மெல்லிய பூச்சு போட்டிருப்பார்கள், பழைய பைக் சிலிண்டர் மாதிரி கடைந்து பெரிசாக்கவே முடியாது, கடைந்தால் பூச்சு போய்விடும். அதுவும் புது சிலிண்டர் போட்டேன் என்கிறவர் எதை ரீபோர் செய்தார்? பழைய செட்டைக் கேட்டதற்கு இரும்புக்குப் போட்டாச்சு என்று பதில். மிஷினுக்கு மேலே பெயின்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, பார்க்க ஷோரூம் சாமான் போல இருந்தது.

மேலே தோட்டத்தில் சில்வர் ஓக் கிளை அறுக்கும்போதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. எங்களுக்கு மரம் ஏறி வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், என் அப்பா காலத்திலிருந்து இந்த வேலைதான். கையில் மிஷினை வாங்கியவுடன் அவர் எப்போதும் முன்னால் இருக்கும் கைக்காப்பை வெளிப்பக்கம் தள்ளிப் பார்ப்பார், டக்கென்று சத்தம் வந்து செயின் இறுக வேண்டும், அதுதான் பிரேக். தள்ளினார், சத்தமே இல்லை, காப்பு தொளதொளவென்று ஆடியது. "தம்பி, இதுல பிரேக் வேலை செய்யல, நான் இதை மரத்து மேல கொண்டுபோக மாட்டேன்" என்று கீழே வைத்துவிட்டார். தரையில் கிடந்த கிளைகளை மட்டும் அறுக்கலாம் என்று ஓட்டினோம், டேங்க் இரண்டாவது தடவை காலியாகும் முன்னாலேயே சத்தம் மாறி, இழுத்துக்கொண்டே போய், இன்ஜின் பிடித்து நின்றுவிட்டது. கயிறு அசையவில்லை.

பக்க மூடியைத் திறந்து பார்த்தோம். கிளட்ச் டிரம்மைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை இருக்க வேண்டும், அதை இறுக்க ஒரு கனமான ஸ்பிரிங் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. நான் கொடுத்தபோது இரண்டும் இருந்தன.

போன் செய்தேன். பிரேக்கைப் பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அது இருந்தா சும்மா சும்மா பிடிச்சுக்கும் சார், எல்லாரும் கழட்டித்தான் ஓட்டறாங்க." எனக்குப் பணம் போனதை விட இந்த ஒரு வாக்கியம்தான் இன்றைக்கும் ஆறவில்லை. முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டர் அளவுக்கு ஓடுகிறது. பார் என்கிற, செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின் முனையில் மேல் பாதி எதிலாவது பட்டால் மிஷின் எகிறி நேராக முகத்துக்கும் கழுத்துக்கும்தான் வரும், கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும், மனுஷன் கை அந்த வேகத்துக்கு வேலை செய்யாது. அதற்காகத்தான் 1970களிலேயே இந்த பிரேக்கைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டையையும் ஸ்பிரிங்கையும் எடுத்து இன்னொருவருக்கு ஸ்பேராக விற்றிருப்பார்களோ என்னவோ. எதற்காக எடுத்திருந்தாலும், மரத்து மேல் ஒற்றைக் கயிற்றில் நிற்கிற ஒரு ஆளின் உயிரைக் கழற்றி எடுத்துவிட்டு மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்ஜின் பிடித்துக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணம் இன்னொன்று: "மலை மேல காத்து கம்மி சார், அங்க அப்படித்தான் ஆகும்." ஏற்காட்டுக்காரர்களிடம் இந்தக் காரணம் நன்றாக விலைபோகிறது, அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று லேசு என்பது சரிதான். ஆனால் காற்று குறைந்து பெட்ரோல் அதே அளவு வந்தால் கலவையில் பெட்ரோல் கூடிவிடும். புகை வரும், பிளக் கறுக்கும், இழுவை கொஞ்சம் குறையும், கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாற்றும் எச் ஸ்குரூவைத் துளி உள்ளே திருப்பினால் சரியாகிவிடும். பிஸ்டன் பிடிக்காது. பெட்ரோல் குறைந்து, அதோடு வர வேண்டிய ஆயிலும் குறைந்து, சூடேறினால்தான் பிடிக்கும். சொல்லப்போனால் மலையில் டியூன் செய்த மிஷினைக் கீழே கொண்டுவந்து அப்படியே ஓட்டினால்தான் பயப்பட வேண்டும்.

பிறகு ஆத்தூர் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் என்னை எதிரே உட்கார வைத்துத்தான் பிரித்தார். சிலிண்டர் டூப்ளிகேட், வார்ப்பிலேயே இருக்க வேண்டிய கம்பெனி முத்திரை இல்லை. பெட்ரோல் டியூப் நான் கொடுத்த அதே பழைய டியூப், வளைவில் நகத்தால் அழுத்தினால் வெடிப்பு வாய் திறந்தது. டயாபிராமும் மாற்றவில்லை, காய்ந்த இலை மாதிரி இருந்தது. நான் எந்த வேலைக்குக் கொடுத்தேனோ அந்த வேலையைத் தவிர மற்ற எல்லாம் செய்திருக்கிறார்கள். அவர் ஓட்டைகளை அடைத்து, உள்ளே லேசாகக் காற்று ஏற்றி, தண்ணீரில் அமுக்கிக் காட்டினார், ஒரு பக்க ஆயில் சீலிலிருந்தும் குமிழி வந்தது. செட் மாற்றுகிற எந்த மெக்கானிக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் மூடக் கூடாது என்றார், இல்லாவிட்டால் எத்தனை செட் போட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் வாட்ஸப்பில் வந்த அந்தக் கீறல் பிஸ்டன் படத்தை அவரிடம் காட்டினேன். பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, என் பழைய போட்டோவையும் கேட்டார். என்னுடையதில் இரண்டு ரிங். அவர்கள் அனுப்பிய படத்தில் ஒரே ஒரு ரிங். வேறு ஏதோ மிஷினின் பிஸ்டன் அது, கடை டிராயரில் இருந்து எடுத்து எத்தனை பேருக்கு அனுப்பினார்களோ. என்னுடைய நல்ல ஒரிஜினல் செட் இப்போது யாருடைய மிஷினிலோ ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரிஜினல் செட், சீல், டியூப், டயாபிராம், பிரேக் பட்டை, ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து மறுபடி செலவு செய்து இப்போது மிஷின் நன்றாக ஓடுகிறது. பெட்ரோலில் கலக்க நல்ல கம்பெனி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண டூ-டி ஆயில் என்றால் 40 மில்லி என்று அந்தப் பெரியவர் டேங்க் மூடி மேலேயே மார்க்கரில் எழுதிக் கொடுத்தார். பழைய சாமான்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு, நான் கேட்காமலேயே கையில் கொடுத்தார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்குள் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 1915-க்கு போன் செய்தால் வழி சொல்கிறார்கள். துண்டுச் சீட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள், முறையான பில் தராததே 2019 சட்டப்படி தவறான வணிக நடைமுறை. போனில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸப் பேச்சு, படங்கள் எல்லாவற்றையும் வைத்திருங்கள். கொடுக்கும்போதே சைலன்சரைக் கழற்றிப் பிஸ்டனைப் போட்டோ எடுங்கள், பிரேக் பட்டையையும் எடுங்கள், மாற்றுகிற ஒவ்வொரு சாமானையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். தர மாட்டேன் என்கிற கடையில் மிஷினை விடாதீர்கள்.

ஏற்கெனவே இந்த மாதிரிக் கடையில் வேலை பார்த்த மிஷின் உங்கள் தோட்டத்தில் இருந்தால், நாளைக்குக் காலையில் ஆளிடம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இன்ஜினை ஆஃப் செய்து, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, கைக்காப்பை முன்னால் தள்ளிவிட்டுச் செயினை இழுத்துப் பாருங்கள். நகரக் கூடாது. நகர்ந்தால் அந்த மிஷினை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.