ஈவோவை விட்டு ஐ3க்கு மாறி நாலு வருசம்

நாலு வருசம், 58,000 கிலோமீட்டர். பிஎம்டபிள்யூ ஐ3எஸ் மின்காடி (மின்சாரக் கார்) பற்றி எழுத இதுக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. 2019ல் பதிவான காடி, 2021ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இனி யாரும் புதிதாக வாங்க முடியாது. 2022லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இருந்தும் எழுதுகிறேன் என்றால், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் கார் நிறுத்துமிடத்தில் மாதம் ஒருவராவது "அண்ணே, இது என்ன காடி, நல்லா ஓடுதா?" என்று மறிக்கிறார்கள். நின்றுகொண்டே பதில் சொல்லி மாளவில்லை.

இதற்கு முன் ஏழு வருசம் ஓட்டியது மிட்சுபிஷி ஈவோ 10. இரண்டு லிட்டர் டர்போ, பின்னால் துணி காயப்போடுகிற அளவுக்கு ஓர் இறக்கை. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கிடைத்தால் அன்றைக்கு நான் நல்ல பிள்ளையாக ஓட்டியிருக்கிறேன் என்று அர்த்தம். 2019ல் அதன் சிஓஇ (காடி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) முடிந்தபோது புதுப்பிக்கலாமா என்று வீட்டில் மெதுவாகப் பேச்செடுத்தேன். "காலையில நீ அதைக் கிளப்பினா பத்தாவது மாடியில எனக்கு நெஞ்சு படபடங்குதுடா" என்றார் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஈவோவை இரண்டு முறை மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். நான் மிதித்த மிதியில் நாலாவது சுற்றிலேயே பிரேக் கருகும் வாடை வந்துவிட்டது. கூரை, பானெட், முன் மட்கார்டு எல்லாம் அலுமினியம்தான், ஆனாலும் மொத்த எடை ஒன்றரை டன்னைத் தாண்டும். டயரையும் பிரேக்கையும் தின்பது வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எடையும் சேர்ந்துதான் தின்கிறது என்பது அங்கேதான் உறைத்தது. ஐ3யைத் தேடிப் போனதற்கு உண்மையான காரணம் அதுதான், பசுமையெல்லாம் பிறகு வந்தது.

இதன் எடை சுமார் 1,300 கிலோ. பேட்டரியையும் சேர்த்து! கீழே அலுமினியச் சட்டகம், அதில் பேட்டரி. அதன்மேல் நாம் உட்காரும் கூடு முழுவதும் கார்பன் இழை. வெளித் தகடுகள் பிளாஸ்டிக். (பேரங்காடித் தள்ளுவண்டி ஒன்று உருண்டு வந்து கதவில் மோதியது. நெளிவு என்று சொல்ல எதுவும் இல்லை.) அந்த இழையை அமெரிக்காவில் மோசஸ் லேக் என்ற ஊரில் நீர்மின்சாரத்தில் தயாரித்து, ஜெர்மனியில் லைப்சிக் ஆலையில் காடியாக்கினார்கள். முன்கதவைத் திறந்தால் வாசல் விளிம்பில் பெயின்ட் பூசாத கறுப்பு இழைகள் அப்படியே தெரியும். மகள் ஏறும்போதெல்லாம் அதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள்.

கதவின் உள்பக்கத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. நாரை அழுத்திச் செய்த பலகை, பழுப்பு நிறம், மேலே எந்தப் பூச்சும் கிடையாது. அம்மா முதல் நாள் அதைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு காசு குடுத்து கோணிச்சாக்கு ஒட்டின காடியா வாங்கினே?" என்று கேட்டார். கெனாஃப் என்று ஒரு செடியின் நார் என்றேன். பிறகு தேடினால், அது நம் புளிச்சைதான். சின்ன வயதில் ஊரில் அந்த நாரைத் திரித்து மாட்டுக்குக் கயிறு போட்டதை அம்மா அரைமணி நேரம் சொன்னார். "கீரையைக் கடைஞ்சு தின்னோம், நாரை மாட்டுக்குக் கட்டினோம், அவன் கதவு பண்ணிட்டான்." நாலு வருச வெயிலில் அந்தப் பலகை வெளிறவும் இல்லை, விரியவும் இல்லை.

ஓட்டம் எப்படி? மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 6.9 வினாடி. காகிதத்தில் ஈவோ இதைவிட வேகம். ஆனால் சிங்கப்பூரில் நூறு எங்கே இருக்கிறது? விரைவுச்சாலையிலேயே உச்சம் 90. நமக்குக் கிடைப்பதெல்லாம் சிக்னலில் பச்சை விழுந்ததிலிருந்து அடுத்த சிவப்புவரை. அந்த இடைவெளியில் ஈவோ டர்போ விழித்துக்கொள்ளும்வரை யோசிக்கும். இது யோசிப்பதே இல்லை. ஞாயிறு விடியலில் பழைய அப்பர் தாம்சன் சாலைக்குப் போவேன், 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ நடந்த அதே சாலை. இப்போது குரங்குகளுக்கு வழிவிட்டு மெதுவாகத்தான் போக வேண்டும். அந்த வேகத்திலும் வளைவில் திரும்பும்போது எடையில்லாத காடி கையில் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வேகம் பிடித்து இழுத்தாற்போல் குறைந்து, அந்த ஆற்றல் மின்சாரமாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. பிரேக் பேடு இன்னும் மாற்றவில்லை.

குறைகள் உண்டு. சஸ்பென்ஷன் கடினம், கார் நிறுத்துமிட வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகில் கணக்கெழுதும். பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும், அதுவும் முன்கதவைத் திறந்த பிறகுதான். பக்கத்துக் காடி நெருங்கி நின்றால், இரண்டு கதவுக்கும் நடுவில் பள்ளிப்பையோடு பிள்ளை மாட்டிக்கொள்ளும். பின்சீட்டில் இருவர்தான். மூன்று பிள்ளை உள்ளவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம்.

செலவுக்கு வருகிறேன். என் கணக்கில் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட். புளோக் சார்ஜரில் எட்டு ஒன்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஈவோவாக இருந்தால் இன்றைய 98 ஆக்டேன் பெட்ரோல் விலையில் 40 வெள்ளிக்குக் குறையாது. ஏர்கான் போட்டு ஓடினாலும் ஒரு முழு சார்ஜுக்கு 220 கிலோமீட்டர் வரும். காலி பேட்டரி நிரம்ப 7.4 கிலோவாட் சார்ஜரில் ஐந்து மணி நேரம். சாலை வரி மட்டும் எரிச்சல்: மின்காடிகள் பெட்ரோல் வரி கட்டுவதில்லை என்பதால் கூடுதல் கட்டணம் ஒன்று 200, 400, 700 வெள்ளி என்று 2023க்குள் படியேறிவிட்டது. நியாயம்தான், ஆனாலும் எரிச்சல். இன்னொன்று, சார்ஜ் முடிந்தும் விடியும்வரை செருகியபடியே விட்டுத் தூங்கும் புண்ணியவான். அவருடைய காடி எண் எனக்கு மனப்பாடம்.

"நம்ம மின்சாரமே எரிவாயுவில்தானே வருது, இதில் என்ன பசுமை?" என்று கோப்பிக்கடையில் ஒருவர் மடக்கினார். சரியான கேள்வி. ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயு, யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கார்பன் டையாக்சைடு. 15 யூனிட்டுக்கு ஆறு கிலோ. ஈவோ அதே தூரத்துக்கு 14 லிட்டர் எரித்து 30 கிலோவுக்கு மேல் விடும். எரிவாயு மின்சாரத்திலும் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் இதில் காடியின் எடைக்கும் பங்கு உண்டு, அதை யாரும் பேசுவதில்லை.

நண்பர் தன் ஹியுண்டாய் ஐயோனிக் 5 N மின்காடியை ஒரு மணி நேரம் ஓட்டக் கொடுத்தார். நூறைத் தொட 3.4 வினாடி, கழுத்து பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. இல்லாத கியரை மாற்றுகிறது, இல்லாத எஞ்சின் உறுமுகிறது. சிரித்துக்கொண்டே ஓட்டினேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் 2,200 கிலோ! இந்தத் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். அதற்குள் ஓட இவ்வளவு பேட்டரியைச் சுமக்கிறோம். இங்கே விதியும் அப்படித்தான் இருக்கிறது. 2022 மே முதல் மோட்டார் திறன் 110 கிலோவாட்டுக்குள் இருந்தால் மின்காடி சிஓஇயின் ஏ பிரிவு, மேலே போனால் பி பிரிவு. 2023 அக்டோபரில் பி பிரிவு சிஓஇ மட்டும் 150,001 வெள்ளிக்குப் போனது. அதனால் நிறுவனங்கள் மோட்டாரின் திறனைக் குறைத்து ஏ பிரிவுக்குள் நுழைக்கின்றன. எடையை யாரும் குறைக்கவில்லை. எடைக்கு வரி இல்லையே. ஐ3 போன ஒல்லிக்காடிப் பாதையில் பின்னால் யாரும் வராததற்கு கார்பன் இழையின் விலை ஒரு காரணம் என்றால், இது இன்னொன்று என்பது என் கட்சி.

கடைசியாக டயர். சென்ற ஆண்டு மலேசியாவுக்கான இரண்டாவது இணைப்புப் பாலம் வழியாக ஜொகூர் போனோம். எல்லை தாண்டும் சிங்கப்பூர்க் காடியில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற சட்டம் நம்மைத் தொடாது, டாங்கே இல்லை என்று துவாஸ் சோதனைச்சாவடியில் பெருமையடித்துக்கொண்டேன். ஸ்கூடாய் பக்கம் ஒரு பள்ளம். முன்டயரின் பக்கவாட்டு கிழிந்தது. இந்தக் காடியில் ஸ்பேர் டயருக்கு இடமே வைக்கவில்லை. மூன்று கடை ஏறி இறங்கினேன். 20 அங்குலச் சக்கரத்தில் 175 அகலம் என்று சொன்னதும் மூன்றாவது கடைக்காரர், தமிழர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "தம்பி, இது காடி டயரா, மோட்டார்சைக்கிள் டயரா?" இழுவை லாரியில்தான் கடப்பிதழைக் காட்டிக்கொண்டு திரும்பினோம்.

அதிலிருந்து வீட்டு பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சுப் பதுங்கறை) எப்போதும் டயர் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு என்பதால் இரண்டு. மனைவி அதன்மேல் அரிசி மூட்டையை வைத்திருக்கிறார்.