கும்பகோணத்துல ஒரு மாடி ஜிம், டிப்ரஷன் இருக்கவங்க போலாமா?
பேர் சொல்லல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன். ரெண்டு டிரெட்மில்லுல ஒண்ணு எப்பவும் ரிப்பேர், ஏசி கிடையாது, சித்திரை வெயிலுக்கு மாடி கொதிக்குது. புரோட்டீன் பவுடர் வாங்குங்கனு நச்சரிக்க ஒரு ஆள் வேற, கண்டுக்காதீங்க. ஆனா மாஸ்டர் தங்கமான மனுசன், டிப்ரஷனுக்கு மாத்திரை எடுக்கறேன்னு சொன்னதும் வெயிட்ட தொடவே விடல, பத்து நிமிஷம் நடங்க சார் இன்னிக்கு அது போதும்னாரு, போகாத நாள்ல போன் பண்ணி திட்டாம காபி சாப்பிடவாவது வாங்கனு கூப்பிடுவாரு, அந்த நிலமைல எந்திரிச்சு ஷூ மாட்றதே பெரிய வேலைனு தெரிஞ்சவரு. 1999ல அமெரிக்கால டியூக் யுனிவர்சிட்டி ஆய்வு ஒண்ணு, 50 வயசுக்கு மேல 156 பேர், 16 வாரம் கழிச்சு பாத்தா உடற்பயிற்சி பண்ணவங்களுக்கும் செர்ட்ராலின்ங்கற டிப்ரஷன் மாத்திரை எடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். அதுக்குனு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர கேளுங்க. எனக்கு தூக்கம் தான் முதல்ல சரியாச்சு, மனசு அப்புறம் மெல்ல மெல்ல. ஃபீஸ் கட்ட முடியலயா, காலைல அரசலாத்தங்கரைல வேகமா நடங்க, அதுவும் உதவும். ரொம்ப முடியலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். ஜிம்முக்கு 5க்கு 4, அந்த ஒண்ணு டிரெட்மில்லுக்காக கழிச்சது.