வீட்டு விறகுக்கு எந்த செயின்சா? மூன்று வருடம் அறுத்த பிறகு எழுதுகிறேன்

எங்கள் வீட்டில் இன்னும் செம்புப் பாய்லரில்தான் வெந்நீர் காய்கிறது. காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமம், வீட்டில் ஏழு பேர். அம்மா ஐந்தரைக்குப் பற்றவைத்தால் எட்டு மணிக்குள் எல்லாரும் குளித்துவிடுவோம். மழை நாளில் சாயங்காலமும் ஒருமுறை எரியும். வருடத்துக்கு இரண்டு டிராக்டர் டிரெய்லர் விறகு வேண்டும். அவ்வளவும் எங்கள் காட்டிலேயே கிடைக்கிறது: வேலியோரம் முளைக்கும் சீமைக் கருவேலம், கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) காய்ந்து நிற்கும் வெள்வேல், ஆடிக் காற்றில் ஒடிந்து விழும் வேம்பு, பட்டுப்போன தென்னை.

பாய்லர் வாய்க்குள் போக வேண்டுமானால் துண்டு ஒரு சாண் நீளம்தான் இருக்கலாம். பன்னிரண்டு அடிக் கட்டையைச் சாண் சாணாகப் போட்டால் பதினைந்து அறுப்பு. மரத்தைச் சாய்ப்பது ஒரு நாள் வேலை. துண்டு போடுவது வருடம் முழுக்க இருக்கும் வேலை. செயின்சா வாங்கும்போது நான் மறந்தது இதைத்தான்.

2018இல் ஒரு ஹார்டுவேர் கடையில் முதல் மிஷினை வாங்கினேன். 58 சிசி, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளமான தகடு), விலை 7,500 ரூபாய். பெட்டியில் இருந்த பெயரை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நான்கு வருடம் ஓடியது. 2022 ஆடியில் விழுந்த ஒரு வேம்பை அறுத்துக்கொண்டிருந்தபோது சத்தம் திடீரென்று கீச்சென்று உயர்ந்தது, உடனே நின்றது. அதற்குப் பிறகு கயிற்றை இழுத்தால் கையில் எதிர்ப்பே இல்லை.

மெக்கானிக் சைலன்சரைக் கழற்றினார். புகை வெளியே போகும் துளை வழியாக டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். பளபளவென்று இருக்க வேண்டிய பிஸ்டனில் மேலிருந்து கீழாக நகத்தால் பிராண்டியதைப் போல கோடுகள். "பெட்ரோல் டியூப்ல வெடிப்பு இருக்குதுங்க. அதுல காத்து உள்ள போயிருக்குது. காத்து சேந்தா பெட்ரோல் கொறையும், பெட்ரோல் கொறைஞ்சா ஆயிலும் கொறையும். அப்புறம் பிஸ்டன் காஞ்சு போயிரும்" என்றார். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு வழுக்கல். அது குறைந்தால் சில நிமிடம்கூடத் தாங்காது. நாற்பது ரூபாய் டியூபை வருடம் ஒருமுறை பார்த்து மாற்றியிருந்தால் போதும். பிஸ்டன் செட் தேடினேன். வாங்கிய கடையில் அந்தப் பெயரில் சரக்கு வருவதே நின்றுவிட்டது. ஆன்லைனில் வரவழைத்தது அளவு பொருந்தவில்லை. மிஷின் முடிந்தது.

அடுத்ததாக இன்னும் பெரியது வாங்கலாம் என்று நினைத்தேன். பழையது திணறித் திணறித்தான் அறுக்கும், அதனால் சக்தி போதவில்லை என்று எனக்கு எண்ணம். மெக்கானிக் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு கனம் மரம் அறுக்கறீங்க?" பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து விறகு அடுக்கின் முன்னால் டேப்போடு உட்கார்ந்தேன். நூறு துண்டு அளந்தேன். எண்பதுக்கு மேல் ஆறு இன்ச்சுக்குள் அடங்கின. பத்து இன்ச்சைத் தாண்டியவை நான்கு. இதற்கு எதற்கு 22 இன்ச் பார்? பெட்ரோல், ஆயில் நிரப்பினால் ஏழு கிலோவுக்கு மேல் இருந்த அந்த மிஷினை நான்கு வருடம் தூக்கி இடுப்புதான் வலித்தது.

அளந்த பிறகு தேடுவது எளிதாகிவிட்டது.

முதலில் கரண்ட் மிஷினைப் பார்த்தேன். மச்சான் வீட்டில் 1,800 வாட்ஸ், 16 இன்ச் பார் ஒன்று இருந்தது. இரண்டு வாரம் வாங்கி ஓட்டினேன். புகை இல்லை, கயிறு இழுக்க வேண்டியதில்லை, சத்தமும் பாதிதான். ஒரு மணி நேரம் விடாமல் ஓடினாலும் இரண்டு யூனிட்டுக்குள் முடியும். வீட்டு வாசலிலேயே விறகு வந்து இறங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எட்டு ஆம்பியர் இழுக்கும் மிஷினுக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நீளமாக இழுத்தால் வயர் சுடும், மோட்டார் திணறும். 2.5 ஸ்கொயர் எம்எம் வயரும் பவர் பிளக்கும் வேண்டும். வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டக் கூடாது, முழுக்கப் பிரித்துவிட வேண்டும். சாயங்காலம் எங்கள் லைனில் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டார் சத்தமே மாறும். எனக்கு அது சரிவராமல் போனதற்குக் காரணம் வேறு. மரம் கொறங்காட்டில் கிடக்கிறது, அங்கே கரண்ட் இல்லை.

பேட்டரி மிஷினைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. கிளை கழிக்க அருமையாக இருக்கும். காய்ந்த கருவேலத்தில் மணிக்கணக்காக ஓட்ட வேண்டுமானால் இரண்டு பேட்டரி வேண்டும், அந்த விலையைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

கடைசியில் சின்ன பெட்ரோல் மிஷின். ஹஸ்க்வர்னா 120 ஒன்றைப் பார்த்தேன், 38 சிசி. ஸ்டில் எம்எஸ் 180 பார்த்தேன், 31.8 சிசி, பார் செயின் இல்லாமல் நான்கு கிலோ. இரண்டில் எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஸ்டில்லுக்கு ஸ்பேர் வைத்திருக்கும் கடை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கார்புரேட்டர் டயாபிரம், பெட்ரோல் டியூப், கிளட்ச் டிரம் இந்த மூன்றும் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். அங்கேயே முடிவெடுத்துவிட்டேன். பழைய மிஷினைப் போல மூன்று மடங்கு விலை. 16 இன்ச் பார் போட்டு வாங்கினேன்.

முதல் நாளே எட்டு இன்ச் கருவேலக் கட்டையில் வைத்துப் பார்த்தேன். அரை நிமிடத்துக்குள் துண்டு விழுந்தது. பழைய 58 சிசியில் அதே கனத்துக்கு இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டு நிற்பேன். பாதி இன்ஜின் எப்படி நான்கு மடங்கு வேகமாக அறுக்கும்? மெக்கானிக்கிடம் கேட்டேன். பழைய செயினைக் கொண்டுவரச் சொன்னார். வெளிச்சத்தில் பல்லைத் திருப்பிக் காட்டினார். பல்லின் முனையில் வெள்ளையாக ஒரு கோடு மின்னியது. "மொன்னையான பல்லுலதானுங்க வெளிச்சம் நிக்கும். தீட்டுன பல்லுல நிக்க எடமே இருக்காது." நான்கு வருடத்தில் அந்தச் செயினை நான் மூன்று தடவைதான் தீட்டியிருப்பேன்.

அறுக்கும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். கூரான பல் மரத்தைச் சீவலாகத் தள்ளும், காலடியில் அவல் கொட்டியதைப் போல விழும். மொன்னையான பல் மாவாகப் பறக்கவிடும். மாவு வர ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். அழுத்தினால் பார் தேயும், கிளட்ச் சூடாகும், நம் தோளும் போகும்.

இப்போது ஒவ்வொரு இரண்டு டேங்குக்கும் ஒருமுறை தீட்டுகிறேன். இந்த மிஷினின் டேங்க் கால் லிட்டர்தான், அதனால் கணக்கு எளிது. என் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம். பழைய செயினுக்கு 4.8. அரம் மாறினால் பல்லின் வளைவே கெட்டுவிடும். பல்லின் மேலேயே சாய்வுக் கோடு போட்டிருக்கும், அது முப்பது டிகிரி. அந்தக் கோட்டுக்கு ஒத்தாற்போல் அரத்தைப் பிடித்து, உள்ளிருந்து வெளியே, ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு. திரும்ப இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மிஷினைத் திருப்பி மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைதான் தள்ள வேண்டும். நான் முதலில் வலப்பக்கம் அழுத்தமாகவும் இடப்பக்கம் லேசாகவும் தீட்டிவிட்டேன். அறுப்பு நேராக இறங்காமல் வாழையிலை வளைவதைப் போல வளைந்து பார் சிக்கியது. நான்கு தடவை தீட்டியதும் பல்லுக்கு முன்னால் இருக்கும் திமிலையும் தட்டை அரத்தால் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். திமிலை அதற்கும் கீழே தேய்த்துவிட்டால் செயின் மரத்தில் கொக்கி போட்டு இழுக்கும். முழுவதும் பதினைந்து நிமிட வேலை. காலையில் திண்ணையில் உட்கார்ந்து செய்வது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

வெள்வேல் கட்டையைப் பிளந்தால் சில சமயம் விரல் கனத்தில் வெள்ளைப் புழு ஒன்று வளை போட்டு உட்கார்ந்திருக்கும். இன்றைய செயின் பல்லே அப்படி ஒரு புழுவைப் பார்த்து வந்ததுதான். அமெரிக்காவில் ஆரிகனில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், காய்ந்த கட்டைக்குள் வண்டின் புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து முன்னேறுவதைப் பார்த்து, அதே மாதிரி இடப்பல் வலப்பல் வைத்த செயினை 1947இல் கொண்டுவந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இடவலம் பார்த்துத் தீட்டுவதில் எனக்குக் கவனம் கூடியது.

எங்கள் மரங்களில் பல்லை அதிகம் தின்பது தென்னைதான். நடுவில் சோறு போல இருக்கும், ஆனால் வெளி வளையம் இரண்டு இன்ச்சில் பல் மழுங்கிவிடும். தென்னைக்கென்று தேய்ந்த செயின் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். கருவேலம் கனமான மரம், ஆனாலும் பச்சையில் சுத்தமாக அறுபடும். அதன் பட்டைப் பிளவுகளில் ஏறியிருக்கும் புழுதிதான் எதிரி. வேலியோரக் கட்டையைத் தேங்காய் நார்ப் பிரஷ்ஷால் ஒருமுறை தேய்த்துவிட்டு அறுக்கிறேன். தரையில் போட்டு அறுப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன். செயின் நுனி மண்ணில் ஒரு நொடி பட்டாலும் பதினைந்து நிமிடத் தீட்டல் வீண். பழைய ஜிஐ பைப்பில் கத்தரிக்கால் போல இரண்டு தாங்கி வெல்டிங் வைத்து வாங்கினேன். கட்டை இடுப்புயரத்தில் அசையாமல் கிடக்கும்.

இரண்டாம் வருடம் ஒரு பெரிய தவறு செய்தேன். கேட் பக்கம் சாய்ந்த பழைய வெள்வேலை அறுக்கும்போது பொறி பறந்தது. நிறுத்திப் பார்த்தால், எந்தக் காலத்திலோ அடித்த முள்கம்பி மரத்துக்குள் புதைந்து, மேலே பட்டை மூடியிருந்தது. இருபத்தெட்டுப் பல்லில் பாதிக்கு மேல் மூக்கு போய்விட்டது. அந்தச் செயின் தேறவில்லை. அதிலிருந்து வேலி மரம் என்றால் பழைய கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிப் பட்டையைப் பெயர்த்துப் பார்க்கிறேன். கறுத்த கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம்.

பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். பங்க்கில் வருவது இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கலந்து வைத்ததை மூன்று மாதம் கேனில் விட்டுவிட்டு ஊற்றினால் ஸ்டார்ட் ஆகாது, கார்புரேட்டர் ரப்பரும் விறைத்துப்போகும். அதனால் ஒரு லிட்டருக்கு மேல் கலப்பதில்லை. அந்த ஒரு லிட்டருக்கு 20 மில்லி டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில், மாட்டுக்கு ஊசி போடும் 10 மில்லி சிரிஞ்சில் இரண்டு தடவை. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றிய காலம் போய்விட்டது. ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கைக் கவிழ்த்து, மிச்சமும் எரிந்து தானே நிற்கும்வரை ஓடவிட்டு வைக்கிறேன். மூன்று வருடத்தில் கார்புரேட்டரைத் திறக்கவே இல்லை. பெட்ரோல் டியூபை மட்டும் ஒருமுறை மாற்றினேன், வெடிக்கும் முன்பே.

செயின் ஆயிலுக்குப் பலர் டிராக்டரில் இறக்கிய கழிவு ஆயிலை ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிலிருக்கும் இரும்புத் துகள் ஆயில் பம்பை அரிக்கும், தெறித்துத் தோலில் படுவதும் கெடுதல். நான் புது ஆயில்தான் ஊற்றுகிறேன். பார் நுனியை வெள்ளைக் காகிதத்துக்கு நேரே காட்டி ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லையென்றால் அறுக்கத் தொடங்கக் கூடாது.

சின்ன மிஷின்தானே என்று லுங்கியோடு நிற்காதீர்கள். தோள் துண்டையும் கழற்றிவிடுங்கள். கெட்டியான பேண்ட், ஷூ, கண்ணாடி, காதடைப்பான் இல்லாமல் நான் கயிற்றை இழுப்பதில்லை. பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தைப் பார்த்து எகிறும். அதைக் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்துவது முன்னால் இருக்கும் செயின் பிரேக். தினமும் முதலில் அதைத் தள்ளிப் பார்க்கிறேன்.

இந்த மிஷினுக்கு எல்லை உண்டு. ஒரு அடிக்கு மேல் கனமான புளியமரம், பெரிய வேம்பு என்றால் இது போதாது, பிடிவாதமாக நிற்கவும் கூடாது. அப்படி வருடத்துக்கு ஒரு மரம்தான் வரும். அதற்கு ஆள் கூப்பிடுகிறேன், 45 சிசி மிஷினோடு வந்து அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். தினமும் அதே கனம் அறுக்கிறவர் என்றால் அந்த அளவில் வாங்குங்கள், ஆனால் முதலில் உங்கள் விறகு அடுக்கை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

புதுச் செயின் வாங்கப் போகும்போது மிஷின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பாரின் அடிப்பக்கத்தில் மூன்று எண் குத்தியிருக்கும்: பிட்ச் (கண்ணிகளுக்கு இடையிலான அளவு), கேஜ் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணியின் தடிமன்), அந்தப் பள்ளத்துக் கண்ணிகளின் எண்ணிக்கை. என்னுடையது 3/8 இன்ச் பிக்கோ (சின்ன மிஷினுக்கான ஸ்டில் செயின் வகை), 1.3 மில்லிமீட்டர், 55. இந்த மூன்றும் ஒத்தால்தான் பாரில் உட்காரும். இரண்டு செயினை மாற்றி மாற்றிப் போடுவதால் பாரும் பல்சக்கரமும் சமமாகத் தேய்கின்றன. இப்போது ஓடுவது நான்காவது செயின், பார் இன்னும் பழையதேதான்.

ஐப்பசி மழைக்கான விறகு போன வாரம் அடுக்கி முடிந்தது, மாட்டுக்கொட்டகைச் சுவரோடு மூன்று வரிசை. கம்பி புதைந்த அந்த வெள்வேல் அடிக்கட்டை மட்டும் கேட் பக்கம் அப்படியே கிடக்கிறது. அதற்கு ஆப்பும் சம்மட்டியும் எடுக்க வேண்டும்.