பட்ஜெட் ரைஃபிளின் ட்ரிகர்: ஸ்பிரிங் மட்டுமா, முழு யூனிட்டா?

விலை குறைந்த வேட்டை ரைஃபிள்களில் பேரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கம்பெனிகள் கையைச் சுருக்குவது ஸ்டாக்கிலும் (தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை) ட்ரிகரிலும்தான். 2010-ல் ‘எட்ஜ்’ என்ற பெயரில் வந்து, பிறகு ‘ஆக்சிஸ்’ ஆன சாவேஜ் ரைஃபிளையே எடுத்துக்கொள்வோம். குண்டுகளை நெருக்கமாகப் போடும் துப்பாக்கி. ஆனால் அடிப்படை மாடலின் ட்ரிகர் கனமானது, அதைத் திருகிக் குறைக்கவும் வழியில்லை. ரைஃபிளின் மொத்த எடையே சுமார் 3 கிலோ. ட்ரிகரை இழுக்கக் கிட்டத்தட்ட அதே அளவு பலம் தேவைப்பட்டால், விரல் இழுக்கும் பக்கம் துப்பாக்கியும் சேர்ந்து நகரத்தான் செய்யும்.

இதற்கு நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன: ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது, உள்ளிருக்கும் பாகங்களைத் தேய்த்து மெருகேற்றுவது, முழு ட்ரிகர் யூனிட்டையும் மாற்றுவது, நல்ல ட்ரிகரோடு வரும் ரைஃபிளையே வாங்குவது. நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

முதலில் குறை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கனம், அதாவது ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் பலம், என்பது ஒன்று. க்ரீப் என்பது வேறு. ட்ரிகரை இழுக்கும்வரை ஸ்ட்ரைக்கரை (தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) பிடித்து வைத்திருக்கும் சிறு பாகம் சியர். அது விடுபடுவதற்கு முன் ட்ரிகர் சொரசொரவென்று இழுபட்டு நகருகிறதே, அதுதான் க்ரீப். குண்டு எப்போது புறப்படும் என்று விரலுக்குத் தெரியாமல் செய்வது அதுதான். என் அனுபவத்தில் குறி தவறுவதற்குக் கனத்தைவிட க்ரீப்தான் பெரிய காரணம். 2 கிலோ கனமுள்ள ட்ரிகர்கூடக் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சட்டென்று விடுபட்டால் நன்றாகச் சுடலாம். ஒரு கிலோ ட்ரிகர் மணலில் இழுப்பதுபோல் வந்தால் சுடுபவர் கடைசி நொடியில் பொறுமையிழந்து வெடுக்கென்று இழுத்துவிடுவார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங் கிட்டின் எல்லை புரிந்துவிடும். செலவு மிகக் குறைவு, வேலையும் சின்னது, கனம் குறைவதும் உண்மை. ஆனால் சியரும் ட்ரிகரும் உரசும் இடம் பழையபடியே இருக்கும். க்ரீப் அப்படியே தொடரும். பழைய ஸ்பிரிங்கையே இரண்டு சுற்று நறுக்கிப் போடும் பழக்கமும் இருக்கிறது. அதை நான் அடியோடு எதிர்க்கிறேன். அந்த ஸ்பிரிங் கனத்துக்காக மட்டும் இருப்பதல்ல. போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளைப் பாகம்) முன்னே தள்ளும்போது ட்ரிகர் சரியான இடத்துக்குத் திரும்பி சியரைத் தாங்குவதும் அதனால்தான். அளவு தெரியாமல் அதைத் தளர்த்தினால், போல்ட்டை வேகமாக மூடும் நேரத்தில் சியர் நழுவும் ஆபத்து உண்டு.

மெருகேற்றும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது. பல சியர்களில் மேல்பரப்பு மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். தேய்த்து அதைத் தாண்டிவிட்டால் உள்ளே மிருதுவான உலோகம். சில நூறு முறை சுட்டதும் விளிம்பு மழுங்கிவிடும். கோணம் ஒரு இழை மாறினாலும் பிடிமானம் போய்விடும். ட்ரிகருக்குள் சின்னத் தவறு என்ன செய்யும் என்பதற்கு ரெமிங்டன் கம்பெனியின் 700 ரைஃபிள் சாட்சி. 2014-ல் அந்தக் கம்பெனி எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் பொருத்திய ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது. காரணம், தயாரிப்பின்போது பசை கொஞ்சம் அதிகமாகிவிட்டதால் சில துப்பாக்கிகள் தானாக வெடிக்க வாய்ப்பிருந்தது. ஆலையிலேயே இப்படி நேருமென்றால் சாணைக்கல்லோடு உட்காருபவர் யோசிக்க வேண்டும்.

முழு யூனிட் மாற்றம்தான் என் தேர்வு. டிம்னி 1946-லிருந்து ட்ரிகர் செய்யும் நிறுவனம். ஆக்சிஸ், அதேபோல் விலை குறைந்த ரைஃபிளான ரூகர் அமெரிக்கன் இரண்டுக்கும் அதனிடம் யூனிட் கிடைக்கிறது. ட்ரிகர்டெக் என்ற இன்னொரு கம்பெனியின் யூனிட்டில் சியருக்கும் ட்ரிகருக்கும் நடுவே ஓர் உருளை இருக்கும். உலோகம் உலோகத்தில் உரசி வழுக்குவதற்குப் பதிலாக உருள்வதால் க்ரீப் கைக்குத் தெரிவதே இல்லை. இரண்டிலும் கனத்தைத் திருகி அமைக்கலாம். இடைஞ்சல் விலைதான்: மலிவாக வாங்கிய ரைஃபிளின் விலையில் கணிசமான பங்கை ட்ரிகருக்கே கொடுக்க வேண்டியிருக்கும். பல நாடுகளில் இதை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்தான் செய்ய வேண்டும். கம்பெனி வாரண்டி போகவும் கூடும்.

அதனால் இன்னும் ரைஃபிள் வாங்காதவர் நான்காவது வழியைப் பார்ப்பது நல்லது. ஆக்சிஸ் II-ல் சாவேஜின் அக்யூட்ரிகர் வருகிறது. அதன் நடுவிலுள்ள மெல்லிய தகட்டை விரல் அழுத்தாதவரை சியர் விடுபடாதபடி தடுக்கப்பட்டிருக்கும். கனம் குறைந்தாலும் பாதுகாப்பு குறையாமல் இருப்பது அதனால்தான். ரூகர் அமெரிக்கனின் ட்ரிகரை 3 முதல் 5 பவுண்டு வரை உரிமையாளரே திருகி அமைக்கலாம். ஏற்கெனவே ரூகர் வைத்திருப்பவர் அதை 3-க்கு இறக்கிச் சுட்டுப் பார்க்காமல் யூனிட் வாங்குவது வீண் செலவு.

எவ்வளவு கனம் வைக்கலாம்? வேட்டைக்கு 2.5 முதல் 3.5 பவுண்டு, அதாவது 1.1 முதல் 1.6 கிலோ. அதற்குக் கீழே போவது மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுபவர்களுக்கு. குளிரில் விறைத்த விரலுக்கும் கையுறைக்கும் ஒரு பவுண்டு ட்ரிகர் தொட்டதுமே வெடித்துவிடும்.

பொருத்திய பிறகு செய்யும் சோதனைகளில் சமரசமே வேண்டாம். சேம்பரும் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, போல்ட்டைப் பலமுறை பலமாக மூடுங்கள், ஸ்ட்ரைக்கர் விழக்கூடாது. ஸ்டாக்கின் அடிப்பக்கத்தை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள், அப்போதும் விழக்கூடாது. சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்தி விடுங்கள், பிறகு விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விலக்குங்கள். அந்த நொடியில் விழுந்தால் சேஃப்டி சியரைச் சரியாகப் பிடிக்கவில்லை, உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும். இத்தனையையும் ஸ்டாக் மாட்டி, திருகுகளை முறுக்கியபின் மறுபடி செய்யுங்கள். புதிய யூனிட் பழையதைவிடச் சற்று அகலமாக இருந்தால் ஸ்டாக்கின் உள்பக்கம் ட்ரிகரை உரசும். வெளியே வைத்துப் பார்த்தபோது சரியாக வேலை செய்த யூனிட் உள்ளே போனதும் திரும்பி வராமல் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த உரசலால்தான்.