நாயோடு பனிக்காட்டுக் குடிலுக்கு: நார்வேயா, பின்லாந்தா, அலாஸ்காவா?

குளிர்காலத்தில் ஆளரவம் இல்லாத காட்டுக் குடிலில் இரண்டு மூன்று ராத்திரி தங்கிவர ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்வு செய்கிறார்கள். துருவ ஒளி தெரியுமா, மலை உயரமா, வாடகை எவ்வளவு என்று பார்த்தால் தனியாகப் போகிறவருக்குப் போதும். நாயும் கூட வருகிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது வேறு. வெளியே மைனஸ் இருபது இருக்கும் ராத்திரியில் நாய் எங்கே படுக்கும்? அதை முடிவு செய்வது யார்?

நார்வேயில் விதி முடிவு செய்கிறது. பின்லாந்தில் அன்றைக்கு அந்தக் குடிலில் இருக்கும் மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். அலாஸ்காவில் குடில் முழுக்க உங்கள் பேரில் இருப்பதால் அப்படி ஒரு பேச்சே எழாது. ஆனால் நாய்க்குக் கதவுக்கு வெளியே ஆபத்து அதிகம் இருப்பதும் அலாஸ்காவில்தான். மூன்றையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்கப்போகிறேன்.

நார்வே: தனி அறை உண்டு, எல்லை தாண்டக் கூடாது

நார்வேயின் மலைநடைச் சங்கமான டிஎன்டி 1868இல் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 550க்கும் மேற்பட்ட குடில்கள் அதன் வலையில் இருக்கின்றன. சிலவற்றில் ஆட்கள் இருந்து சமைத்துப் போடுவார்கள். சிலவற்றில் ஆள் கிடையாது, சரக்கறையில் டப்பா உணவும் கஞ்சிப் பொடியும் ரொட்டியும் இருக்கும். மூன்றாவது வகையில் உணவும் கிடையாது. அடுப்பு, விறகு, படுக்கை அவ்வளவுதான். பூட்டியிருக்கும் குடில்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சாவி, சங்கத்தின் உறுப்பினர்களுக்குக் கிடைக்கும். எடுத்த டப்பாவுக்கும் தங்கிய ராத்திரிக்கும் நீங்களே கணக்குப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகே.

இந்தக் குடில்களில் பலவற்றில் நாய்க்காரர்களுக்கென்று தனி அறையோ, பக்கத்தில் ஒரு சின்னத் துணைக்குடிலோ இருக்கிறது. நாயும் நீங்களும் அங்கே படுத்துக்கொள்ளலாம். பொது அறைக்கும் சமையல் பக்கத்துக்கும் நாய் வரக் கூடாது. நாயே அனுமதிக்கப்படாத குடில்களும் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றை நம்பித்தான் வருகிறார்கள். எந்தக் குடிலில் என்ன நிலை என்பதைச் சங்கத்தின் பயணத் தளத்தில் குடில் வாரியாகப் பார்க்கலாம். கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட்டால் வாசலில் போய்ப் பேரம் பேச வேண்டியிருக்காது.

குறை என்று சொன்னால், சாயங்காலம் எல்லோரும் பெரிய அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும்போது நாய் தனி அறையில் இருக்க வேண்டும். தனியே விட்டால் ஊளையிடும் நாய் என்றால் நீங்களும் அதோடு அந்த அறையிலேயே கிடக்க வேண்டியதுதான். வீட்டிலேயே கொஞ்ச நாள் பழக்கிவிட்டுப் போவது நல்லது.

வழி விஷயத்தில் நார்வே தாராளம். பிப்ரவரி கடைசி முதல் ஈஸ்டர் வரை முக்கியமான குளிர்காலப் பாதைகளில் மூங்கில் கழிகளை நட்டுவைக்கிறார்கள்; பனி மூட்டத்தில் ஒரு கழியிலிருந்து அடுத்ததைப் பார்த்துப் பார்த்துப் போகலாம். ஹார்டாங்கர்விட்டா பீடபூமிப் பக்கம் போக ஃபின்சே நல்ல தொடக்கம். 1222 மீட்டர் உயரத்தில் ஒஸ்லோ–பெர்கன் ரயில் பாதையில் இருக்கும் இந்த ஊருக்குக் குளிர்காலத்தில் ரயிலை விட்டால் வேறு சாலை கிடையாது. நாயை ரயிலில் கூட்டிப் போகலாம். ஒஸ்லோவிலும் பெர்கனிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இது வாரக்கடைசிக்கே தோதான இடம்.

ஆனால் மரமே இல்லாத பீடபூமி அது. குளிரை விடக் காற்றுதான் அங்கே நாயை வதைக்கும், ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. நார்வேக்காரர்களின் மலை விதிகள் ஒன்பதில் ஒன்று, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. நாய் படுத்துவிட்டால் முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியவர் நீங்கள்தான் என்பதால் நாய்க்காரர்களுக்கு அந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும்.

இன்னும் இரண்டு செய்தி. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாடு முழுக்க நாயைக் கயிற்றில் வைத்திருக்க வேண்டும், ஈஸ்டர் ஏப்ரலில் வந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். டோவ்ரேஃபியெல் மலைப் பக்கம் போனால் கஸ்தூரி எருதுகள் உண்டு. நாயைப் பார்த்தால் ஓநாய் என்றே எடுத்துக்கொள்ளும், 200 மீட்டராவது தள்ளிப் போங்கள்.

ஸ்வீடனின் குங்ஸ்லேடன் பாதைக் குடில்கள் ஏறக்குறைய இதே மாதிரிதான்: குளிர்காலப் பருவத்தில் பொறுப்பாளர் இருப்பார், நாய்க்குக் குறிப்பிட்ட அறை இருக்கும். நார்வே பிடித்தவருக்கு அதுவும் பிடிக்கும், தனியாக அலச ஒன்றுமில்லை.

பின்லாந்து: இலவசம்தான், ஆனால் அடுத்தவர் தலையசைக்க வேண்டும்

பின்லாந்தின் வடக்கே அரசு வனத்துறை நடத்தும் திறந்த குடில்கள் எனக்கு உலகத்திலேயே பிடித்த ஏற்பாடுகளில் ஒன்று. பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, முன்பதிவும் கிடையாது. நடந்தோ பனிச்சறுக்கிலோ போய்ச் சேர்ந்தால் அடுப்பும், விறகுக் கொட்டகையும், மரப் பலகைப் படுக்கையும், உலர் கழிப்பறையும் காத்திருக்கும். ஒன்றிரண்டு ராத்திரி தங்கலாம். கிளம்பும்போது விறகு பிளந்து, அடுத்து வருபவர் நடுங்கும் விரலோடு வந்தாலும் உடனே பற்றவைக்கிற மாதிரி சுள்ளிகளைச் சீவி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கடைசியாக வந்தவருக்கே முதல் உரிமை. ஏற்கெனவே தூங்கி ஓய்ந்தவர் இடம் விட்டுக் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் கிளம்பிவிட வேண்டும். களைத்து வந்தவரைக் குளிரில் நிறுத்தக் கூடாது என்ற நியாயம்.

நாய் விஷயத்தில் இந்த நியாயம் வேறு மாதிரி வேலை செய்கிறது. திறந்த குடிலுக்குள் நாயை விட மற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும். மதியம் யாருமில்லாத குடிலுக்கு நீங்கள் வருகிறீர்கள். நாய் அடுப்புப் பக்கம் சுருண்டு படுத்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வருகிறார், நாய் மயிர் பட்டாலே அவருக்கு மூச்சு இழுக்கும். குடிலோ ஒரே அறை. இப்போது வெளியே போக வேண்டியது அவரல்ல, உங்கள் நாய். நீங்களே கடைசியாக வந்திருந்தாலும் இடம் கிடைக்கும் உரிமை உங்களுக்குத்தான், நாய்க்கு அப்படி ஒன்று கிடையாது.

பின்லாந்தில் நாயைக் கண்டு முகம் சுளிப்பவர் குறைவு என்றே வைத்துக்கொண்டாலும் இதை நம்பி ஒரு பயணத்தைத் திட்டமிட முடியாது. அதனால் அங்கே நாயோடு போகிறவருக்குக் கூடாரம் கட்டாயம் என்பேன். குளிர்காலக் கூடாரம், தரையில் போட இரண்டு நுரைப்பாய், நாய்க்கென்று ஒரு கனத்த போர்வை. இவற்றை முதுகில் சுமக்க முடியாது, பின்னால் இழுக்கும் பல்க் என்ற தொட்டிவண்டி வேண்டும். ஆக, இலவசக் குடில் என்று கிளம்பி மூன்றிலும் அதிகச் சுமை இழுப்பது பின்லாந்தில்தான்.

முன்பதிவுக் குடில்கள் என்று இன்னொரு வகை இருக்கிறது. கட்டணம் உண்டு, இடம் உறுதி. ஆனால் பலவற்றில் படுக்கையைத்தான் பதிவு செய்கிறீர்கள், குடிலையல்ல. அப்படியானால் அங்கேயும் பக்கத்துப் படுக்கைக்காரர் இருப்பார். முழுக் குடிலையும் வாடகைக்குத் தரும் வகையைத் தேடிப் பிடித்தால் இந்தத் தலைவலியே இல்லை, எண்ணிக்கைதான் குறைவு.

சரி, எப்போது போவது? பிப்ரவரி பிற்பாதியிலும் மார்ச் தொடக்கத்திலும் பள்ளிகளுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை, குடில்கள் நிரம்பி வழியும். ஜனவரி கடைசி நாய்க்காரர்களுக்கு ஏற்ற காலம். டிசம்பரின் பெரும்பகுதியில் எழவே எழாத சூரியன் அதற்குள் திரும்பியிருக்கும், கூட்டம் இன்னும் வந்திருக்காது. குளிர் மட்டும் உச்சத்தில் இருக்கும். 1983இல் அமைந்த உர்ஹோ கெக்கோனென் தேசியப் பூங்கா 2,550 சதுர கிலோமீட்டர். கீலோபா என்ற இடத்திலிருந்து உள்ளே போனால் ஒரு பகல் தூரத்தில் குடில்கள் இருக்கின்றன. பைன் காடு காற்றைத் தடுப்பதால் நார்வே பீடபூமியை விட நாய்க்கு இதமான இடம். தேசியப் பூங்காக்களில் ஆண்டு முழுக்க நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும். கலைமான் மேய்ப்பு அங்கே பலருடைய பிழைப்பு. குளிரில் இரை தேடித் தேடி மெலிந்திருக்கும் மானை ஒரு நாய் துரத்தினால் அது பெரிய நஷ்டம்.

அலாஸ்கா: உள்ளே நிம்மதி, வெளியே பொறி

ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வடக்கே ஒயிட் மவுண்டன்ஸ் என்று பத்து லட்சம் ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. குளிர்காலத்தில் பாதைகளைச் சீர்செய்து, ஆங்காங்கே குடில்களை வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு குழுவுக்கு ஒரு குடில். நாய்வண்டிக்காரர்கள் வந்து தங்கிப் பழகிய இடங்கள் என்பதால் நாயை யாரும் விநோதமாகப் பார்க்கப் போவதில்லை. குடிலுக்கான விதிகளைப் பதிவு செய்யும்போதே படித்துவிட்டால் போதும். விறகை நீங்களே காய்ந்த மரத்திலிருந்து அறுத்துக்கொள்ள வேண்டும், தண்ணீருக்குப் பனியை உருக்க வேண்டும்.

வாசலுக்கு வெளியே முதல் ஆபத்து, பொறி. அலாஸ்காவில் குளிர்காலம்தான் ரோமத்துக்காக விலங்கு பிடிக்கும் பருவம், அது சட்டபூர்வமான தொழில். பாதையோரத்தில் இறைச்சி வாசனையோடு வைத்திருக்கும் பொறி லிங்ஸ் பூனைக்கோ ஓநாய்க்கோ வைத்தது, ஆனால் நாய்க்கும் அதே வாசனைதானே. கழுத்தை நெரிக்கும் சதுரக் கம்பிப் பொறியில் நாய் தலையை விட்டால் திறக்க உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதன் சுருள்வில் இரண்டையும் வெறும் கையால் அமுக்குவது பெரும்பாலானோருக்கு முடியாத காரியம். கயிற்றைக் கோத்து இழுத்து அமுக்கும் முறையை வீட்டில் செய்து பழக வேண்டும். சுருக்குக் கம்பியை வெட்ட நல்ல கம்பிவெட்டியும் பையில் வேண்டும். இவ்வளவுக்கும் பதில், நாயைக் கயிற்றில் வைத்திருப்பது.

இரண்டாவது, மூஸ் என்னும் பெரிய மான். ஆழமான பனியில் நடக்கச் சிரமப்பட்டு அதுவும் மனிதர் கெட்டியாக்கிய பாதையில்தான் வரும், வழி விடாது. நாய் அதன் கண்ணுக்கு ஓநாய். அலாஸ்காவின் இடிட்டரோட் என்ற நாய்வண்டிப் பந்தயத்தில் 1985இல் சூசன் புச்சர் என்ற போட்டியாளரின் நாய் அணிக்குள் ஒரு மூஸ் புகுந்து மிதித்து இரண்டு நாய்களைக் கொன்றது. அவர் பந்தயத்தை விட்டே விலக வேண்டியதாயிற்று. மூஸ் நின்றால் நீங்கள்தான் திரும்ப வேண்டும்.

அப்புறம் குளிர். அங்கே மைனஸ் நாற்பது வரும். அந்தக் குளிரிலும் ஓடைப் பனிக்கட்டியின் மேல் அடியிலிருந்து கசிந்த நீர், புதுப் பனிக்குக் கீழே மறைந்து நிற்கும். நாய் கால் வைத்து நனைந்தால் அங்கேயே துடைத்துக் காயவைக்க வேண்டும். செல்போன் சிக்னல் கிடையாது, செயற்கைக்கோள் கருவி இல்லாமல் போகாதீர்கள்.

நாயைப் பொறுத்து

எந்த நாடு என்பதை நாயின் மயிர்தான் பாதி முடிவு செய்யும். ஹஸ்கி, லாப்ஹுண்ட் போல இரட்டை ரோமம் உள்ளவற்றுக்கு மூன்றும் சரிவரும். சொல்லப்போனால் அவற்றுக்கு அடுப்பு எரியும் குடிலின் சூடுதான் தொந்தரவு. உள்ளே விடும் முன் மயிரில் ஒட்டிய பனியைத் தட்டிவிடுங்கள், உருகி நனைந்து காலையில் வெளியே போனதும் உறையும். நம் சிப்பிப்பாறை போல ஒட்டின மயிரும் மெலிந்த உடலுமாக இருக்கும் நாய் என்றால் வயிற்றுப் பக்கமும் மூடும் சட்டை வேண்டும், அலாஸ்காவை விட்டுவிடலாம், பின்லாந்துத் திறந்த குடிலையும் விட்டுவிடலாம். அதற்கு நார்வேயின் தனி அறைதான்.

காலுறை எல்லா நாய்க்கும் வேண்டும். விரலிடுக்கில் பனி உருண்டை கட்டித் தோலைக் கிழித்துவிடும். இடிட்டரோட் பந்தயத்தில் ஒரு நாய்க்கு எட்டுக் காலுறை வண்டியில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி, அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வெடுக்கும்போது கழற்றிவிட வேண்டும், ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பனியைத் தின்று நாய் தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் இறைச்சியோ கொழுப்போ கலந்தால் மறுக்காமல் குடிக்கும்.

முதல்முறை போகிறவருக்கு என் ஓட்டு நார்வேக்கு, மார்ச் மாதத்தில். பல்க் இழுக்கவும் பனியில் கூடாரத்தில் தூங்கவும் தெரிந்தவருக்குப் பின்லாந்து. அலாஸ்கா, கயிற்றை விடவே மாட்டேன் என்று தன்மீது நம்பிக்கை உள்ளவருக்கு மட்டும்.

காகித வேலையில் ஒன்று. நார்வே, பின்லாந்து இரண்டும் நாய்க்கு நாடாப்புழு மருந்து கேட்கின்றன: எல்லைக்குள் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு கால்நடை மருத்துவர் கொடுத்து, நாயின் பாஸ்போர்ட்டில் பதிந்திருக்க வேண்டும். நார்வேயிலிருந்து நேராகப் பின்லாந்துக்குள் போனால் இது தேவையில்லை. ஆனால் ஒஸ்லோவிலிருந்து காரில் பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்துக்குப் போகிறவர்கள் வழக்கமாக ஸ்வீடன் வழியாகத்தான் போவார்கள். அப்போது மருந்து வேண்டும், வீடு திரும்பும்போதும் வேண்டும். கிளம்பும் வாரத்தில் மருத்துவரிடம் நேரம் கிடைக்காமல் போகலாம், முன்பே நேரம் குறித்துவையுங்கள்.